இரண்டாவது சீட்டில் வினைச்சொல்

ஜூன் 9, திங்கள்

இதைச் சொல்வது நான். எழுதுவது என் மகள் செண்பகம். எனக்கு எழுத்து தெரியாது. கையெழுத்து கேட்கிற இடத்தில் கட்டைவிரலைக் கொடுப்பேன். ஆனால் காதில் ஒரு தடவை விழுந்தது வெளியே போகாது. திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு ஆள் கூப்பிட்டே காலம் தள்ளியவன் இந்த ஆறுமுகநயினார். ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டை என்று வரிசை மாறாமல் தொண்டை கிழியக் கத்துவது உத்தியோகம்.

செண்பகம் நர்ஸ். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. அயர்லாந்து என்கிற தேசத்தில் அவளுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. குறுக்கே ஒரு இங்கிலீஷ் பரீட்சை நிற்கிறது. காதால் கேட்பதில் பாஸ், பேசுவதில் பாஸ், படிப்பதில் பாஸ். எழுதுவதில் மட்டும் இரண்டு தடவை ஃபெயில். சொற்களை இடம் மாற்றி வைக்கிறாளாம். நேற்று நடந்ததை நாளை நடக்கப்போவது மாதிரி எழுதுகிறாளாம். இந்தத் தடவையும் போனால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

தினமும் இங்கிலீஷில் நாட்குறிப்பு எழுது என்று கோச்சிங் மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

“ஆஸ்பத்திரி, தூக்கம், ஆஸ்பத்திரி. எனக்கு எழுத என்னப்பா இருக்கு? நீங்க சும்மாதான இருக்கீய. உங்க நாளைச் சொல்லுங்க. தமிழ்ல எழுதிக்கிட்டு அப்புறம் இங்கிலீஷ்ல மாத்திக்கிடுதேன்” என்றாள்.

“சும்மா இருக்கவன் நாள்ல என்னளா இருக்கும்?”

“அதான் வேணும். வாக்கியம் சின்னச் சின்னதா வரும்.”

நான் பேசுகிற மாதிரி எழுத மாட்டாளாம். புத்தகத் தமிழாக இருந்தால்தான் மாற்ற வசதியாம். ஆக என் வாய் ஒன்று, இந்தத் தாளில் இருக்கிற வாய் ஒன்று. ஆட்கள் பேசிக்கொள்வதை மட்டும் பேசியபடியே எழுத வேண்டும் என்று கண்டிஷன் போட்டிருக்கிறேன். என்னைத் திட்டினாலும் சரி.

ஜூன் 10, செவ்வாய்

இன்று ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததை எந்தக் காலத்தில் எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 14, சனி

செண்பகத்தோடு கோச்சிங் வகுப்புக்குப் போனேன். வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்ய? ‘ராயல் டங் அகாடமி’ என்று பெயர். கீழே மாவு மில், மேலே இங்கிலீஷ். மாடிப்படியில் ஏறும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். செங்குத்தான படி. யார் கட்டினானோ.

மாஸ்டர் பெயர் ஜெபசிங். கழுத்தில் டை, காலில் ரப்பர் செருப்பு. கீழே மில் ஓடுவதால் இலக்கணத்தைக் கத்தித்தான் சொல்ல முடியும். எனக்குப் பிடித்துப்போயிற்று. நானும் கத்திப் பிழைத்தவன்தானே.

“எழுவாய் ஃபர்ஸ்ட் சீட். வினைச்சொல் செகண்ட் சீட். செயப்படுபொருள் அதுக்குப் பின்னால. யாரும் சீட் மாறி உக்காரக் கூடாது” என்றார்.

கடைசி பெஞ்சிலிருந்து கேட்டேன். “தமிழ்ல வினைச்சொல் எங்க சார் உக்காருது?”

“கடைசி சீட்ல.”

“அங்க உக்காந்தா என்ன குத்தம்?”

“வெள்ளைக்காரன் அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்க மாட்டான் அண்ணாச்சி.”

எனக்கு மனது ஒப்பவில்லை. “சார், பொண்ணு கேட்டுப் போறோம். ‘எங்க பையனுக்கு உங்க பொண்ணை’ன்னு ஆரம்பிச்சு எதிராளி மூஞ்சியைப் பாக்கோம். மூஞ்சி மலர்ந்தா ‘கேட்டு வந்திருக்கோம்’. சுளிச்சா ‘அக்கா மாதிரி பிடிக்குமாம்’. சண்டை சத்தம் இல்லாம காப்பியைக் குடிச்சிட்டு எந்திரிச்சிரலாம். வினையைக் கொண்டுபோய் ரெண்டாவது சீட்ல உக்கார வச்சா வாசல்லயே மாட்டிக்கிடுவோமே? அந்த ஊர்ல எப்படித்தான் சம்பந்தம் பேசுதாவ?”

“அவங்க சம்பந்தமே பேச மாட்டாங்க. பையனும் பொண்ணும் அவங்களே பேசிக்கிடுவாங்க.”

“அப்படிச் சொல்லுங்க. பொறவு வினைச்சொல் எங்க இருந்தா என்ன?”

வகுப்பு சிரித்தது. அதற்குள் கீழே மிளகாய் அரைக்க ஆரம்பித்துவிட்டார்கள். மொத்த வகுப்பும் தும்மியது. செயப்படுபொருள் வரைக்கும் போக முடியாமல் அன்றைய இலக்கணம் முடிந்தது.

வரும் வழியில் செண்பகம் சொன்னாள்: “எப்பா, அடுத்த வாரம் வந்தா வாயைத் திறக்கக் கூடாது.”

ஜூன் 19, வியாழன்

வாயைத் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டு மறுபடி போனேன்.

இன்று காலங்கள். காலம் மூன்றுதான். ஒவ்வொன்றையும் நான்காக அறுத்துப் பன்னிரண்டாக்கி வைத்திருக்கிறார்கள், அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட வயல் மாதிரி. பன்னிரண்டின் பெயரையும் ஒரு தடவை கேட்டேன். திரும்பும்போது தெருமுனை வரைக்கும் ஒப்பித்துக்கொண்டே வந்தேன். எனக்கு அர்த்தம் தெரியாது. செங்கோட்டைக்கும்தான் நான் போனதில்லை, கூப்பிடவில்லையா?

நம் ஆட்களுக்குக் காலமே தெரியாது என்று மாஸ்டருக்குக் கோபம். “சட்டையைத் தேடிக்கிட்டு நிப்பான், போன்ல ‘இந்தா வந்துட்டேன்’ம்பான். வராம எப்படிடா வந்துட்டேன்? இந்தப் புத்தியாலதான் எழுதுறதுல மார்க் போகுது!”

அப்போது அவருடைய போன் அடித்தது. எடுத்து, “வந்துட்டேன் சார், முக்குலதான் நிக்கேன்” என்றார். வைத்துவிட்டு வகுப்பைப் பார்த்தார். வகுப்பும் அவரைப் பார்த்தது.

“இது பிசினஸ்” என்றார்.

ஒப்புக்கொண்டதை மறந்து வாயைத் திறந்துவிட்டேன். “சரிதான் சார். டிரைவர் வடையைக் கடிச்சிக்கிட்டு இருப்பாரு, கண்டக்டரைக் காணாது. நான் ‘கிளம்பிட்டு, கிளம்பிட்டு’ன்னு கத்துவேன். ‘கிளம்பும்’னு சொன்னா ஏறுனவனும் இறங்கி டீ குடிக்கப் போயிருவான். கிளம்பிட்டுன்னாத்தான் ஓடியாந்து ஏறுவான். ஏறுனாத்தான வண்டி கிளம்பும்?”

“பொய்தான அது?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“கடைசியில வண்டி போயிருச்சேம்மா. பொறவு எப்படிப் பொய்யி?”

மாஸ்டர் யோசித்தார். பன்னிரண்டில் இது எந்தக் கட்டத்தில் வரும் என்று அவருக்கும் பிடிபடவில்லை.

ஜூன் 23, திங்கள்

வீட்டில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும் என்று செண்பகம் சட்டம் போட்டாள். மதியம் சாம்பாரில் உப்பு இல்லை. கேட்பதற்கு இங்கிலீஷ் இல்லை. சும்மா சாப்பிட்டேன்.

சாயங்காலம் நானே ரசம் வைத்தேன். உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டிருக்கிறேன் என்று சொல்கிறாள். உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் ஒரே மாதிரி செய்து விற்கிறான் பாருங்கள், அவனைச் சொல்ல வேண்டும். ரசத்தைக் கீழே கொட்டிவிட்டு, ‘கொட்டப்பட்டது’ என்று எழுதினாள். யார் கொட்டினார்கள் என்றே சொல்லாமல் எழுத அந்தப் பாஷையில் வழியிருக்கிறதாம். இந்த ஒன்று நல்ல ஏற்பாடு.

ஜூன் 28, சனி

வாசற்படி நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லை. முழங்கால் சிராய்த்துவிட்டது.

எழுதிக்கொண்டிருக்கிறவள் கேட்கிறாள்: “சிராய்ச்சது முடிஞ்சுபோச்சா, இன்னும் இருக்கா?”

“இன்னும் எரியுதுளா.”

“அப்படின்னா வேற காலம்பா!” என்று சந்தோஷப்பட்டாள். காலையில் ஆரம்பித்து இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற எரிச்சலுக்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்களாம். இத்தனை நாளாக அதற்கு அவளுக்கு உதாரணம் கிடைக்காமல் இருந்தது. ஒரு முழங்கால் போனால் போகிறது.

ஜூலை 2, புதன்

அவள் டூட்டி முடிந்து வந்து இந்தப் பக்கங்களை இங்கிலீஷாக்கிவிட்டு மேசையிலேயே தலையை வைத்துத் தூங்கிவிடுகிறாள். எழுப்பினால் “வினைச்சொல் எங்க?” என்கிறாள். டூட்டியிலும் அப்படித்தானாம். ஒரு நோயாளி “சிஸ்டர், நெஞ்சு வலிக்கு” என்றதற்கு, எத்தனை நேரமாக என்று கேட்பதற்கு முன்னால் அது எந்தக் காலம் என்று யோசித்தாளாம். பெரிய டாக்டர் முறைத்தாராம்.

ஜூலை 12, சனி

இன்று மதுரையில் பரீட்சை. அதிகாலை பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். என் காலத்தில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு முகம் இருந்தது. இப்போது எல்லாம் ஒரே நிறம். செண்பகம் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில், “மதுரை வண்டி எதுய்யா?” என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். “முன்னாலதான நிக்கி, போர்டு படிக்கத் தெரியாதா பெரியவரே?” என்றார். தெரியாது என்றேன். எழுத்து தெரியாதவனுக்கு இப்படி ஒரு வசதி உண்டு. எதை வேண்டுமானாலும் கேட்கலாம். யாரும் வேறு மாதிரி நினைக்க மாட்டார்கள்.

ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாளாம். நானும் பஸ் இருந்த பக்கம் காட்டினேன்.

இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டாள். எப்படி எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். “எழுதிருக்கேன்” என்றாள். ரிசல்ட் வர மாதக் கடைசி ஆகுமாம்.

ஜூலை 14, திங்கள்

குழாயடியில் எதிர்வீட்டு உலகம்மாள் மறித்தாள். நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள்.

“என்ன அண்ணாச்சி, செம்பகம் மூணாந்தடவையும் எழுதிட்டு வந்திருக்காளாமே? பாவம், அவளும் எத்தனை தடவைதான் எழுதுவா? ஒரு கல்யாணத்தையாவது பண்ணியிருக்கலாம்.”

கேட்ட தொனி எனக்குச் சரியாகப் படவில்லை. வயிற்றிலிருந்து சத்தத்தை எடுத்தேன்.

“செம்பகம் அயர்லாந்து கிளம்பியாச்சு! கிளம்பியாச்சு, கிளம்பியாச்சு!”

தொண்டை பழைய மாதிரியே இருக்கிறது. போய்க்கொண்டிருந்த ஆட்டோ ஒன்று நின்றது. உலகம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “பாஸாயிட்டாளா?” என்றாள். “கிளம்பியாச்சுங்கேன், பாஸாகாமலா?” என்றேன்.

இதை எழுதும்போது செண்பகம் நிமிர்ந்து பார்த்தாள். “உலகம்மா அத்தைகிட்டயா சொன்னீய?”

ஜூலை 17, வியாழன்

மார்க்கெட் முக்கில் ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். ‘அயர்லாந்து தேர்வில் வெற்றி பெற்றார் எங்கள் மாணவி செண்பகம்.’ ஊரே நின்று பார்க்கிறது. நானும் போய்ப் பார்த்தேன். மங்கலாக இருந்தது. மட்டமான மையில் அடித்திருப்பான். உலகம்மாள்தான் வாய்விட்டுச் சொன்னாள்: ஆஸ்பத்திரி அடையாள அட்டையிலிருந்த செண்பகத்தின் முகம், அதற்குக் கீழே கோட்டு போட்ட வேறு யாருடைய உடம்போ. பின்னால் ஏரோப்ளேன், பனிமலை, ஒரு பெரிய மணிக்கூண்டு. பக்கத்தில் ஜெபசிங் சார் அவளைவிடப் பெரிதாகக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். கீழே வரிசையாக வாழ்த்தும் நெஞ்சங்கள். அதில் மாவு மில்காரரும் உண்டு.

செண்பகம் மாஸ்டருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

“சார், ரிசல்ட்டே வரல. அதோட அந்த மணிக்கூண்டு வேற நாட்டுல இருக்கு.”

“ஃபாரின்னா மணிக்கூண்டு இருக்கணும்மா. இல்லேன்னா நம்ம சனத்துக்குக் கொடைக்கானல்னு தோணிரும்.”

“ரிசல்ட் சார்!”

“புது பேட்ச் திங்கக்கிழமை ஆரம்பிக்கி. ரிசல்ட் வந்தபொறவு அடிச்சா, எதிர்த்த சென்டர்காரன் உன்னையத் தன் ஸ்டூடண்ட்டுன்னு முந்திருவான். போன வருசம் அப்படித்தான் ஒரு பொண்ணை ரெண்டு சென்டரும் அடிச்சோம். கடைசியில அவ ரெண்டுலயும் படிக்கல. அதோட, உங்க அப்பாவே குழாயடியில சொல்லிட்டாராமே?”

பன்னிரண்டு காலத்தையும் பிரம்பை வைத்துக்கொண்டு நடத்துகிறவர், வராத ரிசல்ட்டை நடந்து முடிந்ததாக அடித்திருக்கிறார். என் தொழிலில் இருந்திருந்தால் நல்ல பெயர் வாங்கியிருப்பார்.

ஜூலை 21, திங்கள்

நான்கு நாளாக அவள் எழுதவில்லை. நான் ஒன்றையும் மறக்கவில்லை. வரிசையாகச் சொல்கிறேன், எழுதியே தீர வேண்டும் என்று உட்கார வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை டூட்டிக்குப் போனவளை ஆஸ்பத்திரி வாசலிலேயே சந்தன மாலையோடு நிறுத்தியிருக்கிறார்கள். சென்ட் ஆஃப். கேக்கில் ஏரோப்ளேன் வரைந்திருந்ததாம். மேனேஜர் மைக்கைப் பிடித்து, “நமது செண்பகம் நம்மை விட்டுப் போய்விட்டார்” என்று ஆரம்பித்தாராம். இரண்டு பேர் அழுதார்களாம்.

“சார், நான் போகல. இங்கதான நிக்கேன். ரிசல்ட்டே வரலை” என்று இவள் சொல்லியிருக்கிறாள். “தன்னடக்கம்!” என்று சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தாராம். பிறகு ஆஸ்பத்திரி பெயர் போட்ட சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். இவளுடைய வார்டில் புதுப்பெண் ஒருத்தி ஏற்கெனவே யூனிஃபார்மோடு ஊசி போட்டுக்கொண்டிருந்தாளாம்.

இவள் மேனேஜர் அறைக்குப் போய்த் தெளிவாக எடுத்துச் சொல்லியிருக்கிறாள். அவர் சொன்னாராம்: “அதெல்லாம் சரிம்மா. வெட்டுன கேக்கை ஒட்டவா முடியும்?”

வீட்டுக்கு வந்து கடிகாரத்தைத் தரையில் வைத்தாள்.

“எதுக்குப்பா கத்துனீய? ஏன்? யாரு கேட்டா?”

“வண்டி கிளம்பிட்டுன்னு சொன்னாத்தான் ஏளா சனம் ஏறும்.”

“இங்க யாருப்பா ஏறுனா? ஜெபசிங் சார் ஏறுனாரு. எறங்குனது நான்தான்!”

தரையில் இருந்த கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். பஸ் ஸ்டாண்டில் எவ்வளவோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எல்லாருக்கும் திருப்பிச் சொல்லியிருக்கிறேன்.

“கொஞ்ச நாள்தான. ரிசல்ட் வந்ததும் போயிருவ. சீக்கிரம் போயிரணும்” என்றேன்.

“அப்படி என்னப்பா என்னைய விரட்டுறதுல அவசரம்?”

இதையும் எழுதச் சொன்னேன். எழுதுகிறாள்.

ஜூலை 24, வியாழன்

வீட்டுக்கு வந்தவர்கள்: தட்டு நிறைய ஆப்பிளோடு உலகம்மாள், மகனுக்கு அயர்லாந்தில் ஏதாவது வேலை பார்க்கச் சொல்லி மாவு மில்காரர், குலதெய்வக் கோயில் கொடைவிழாப் பத்திரிகையில் ஃபாரின் பார்ட்டி என்ற முறையில் பெயர் போட அனுமதி கேட்டுக் கோயில் வரி பிரிக்கிறவர்கள். செண்பகம் ஒவ்வொருவரிடமும் “ரிசல்ட் வரல, ரிசல்ட் வரல” என்கிறாள். ஒவ்வொருவரும் “உனக்கு வராம?” என்கிறார்கள்.

ஆப்பிள் நன்றாக இருந்தது.

ஜூலை 30, புதன்

ரிசல்ட் வந்துவிட்டது. கேட்பது பாஸ். பேசுவது பாஸ். படிப்பது பாஸ். எழுதுவது ஃபெயில்.

அயர்லாந்துக்காரர்கள் சாயங்காலமே வேலை இல்லை என்று மரியாதையாக ஒரு மெயில் அனுப்பிவிட்டார்கள். வாக்கியங்கள் எல்லாம் வரிசையாக, வினைச்சொல் சரியான சீட்டில் உட்கார்ந்து இருந்ததாம். படித்துக் காட்டினாள். அழவில்லை.

மாஸ்டரிடம் ஃபிளெக்ஸை எடுக்கச் சொன்னதற்கு, “மறுமதிப்பீடு கேக்கலாம்லா? அதுவரைக்கும் இருக்கட்டும்” என்றாராம். புது பேட்ச் நிரம்பி வழிகிறதாம்.

உலகம்மாள் வந்து காலித் தட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

செண்பகம் பகலில் வீட்டில் இருக்கிறாள். நர்ஸ் படிப்பு முடித்த நாளிலிருந்து பகலில் இவள் இப்படித் தொடர்ந்து வீட்டில் இருந்ததில்லை. எனக்குத்தான் தோதாக இல்லை. எங்கே கையை வைத்தாலும் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது.

காலையில் டீ போட்டேன். சட்டியிலிருந்து தம்ளரில் ஊற்றினேன். அவள் அடுப்படி வாசலில் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

“எப்பா.”

“என்னளா?”

“டீ எங்க ஊத்துதீய?”

“தம்ளர்லதான்.”

“தம்ளர் இங்கன இருக்கு.”

கையைப் பிடித்து அது இருந்த இடத்தில் வைத்தாள். பிறகு என்னை வாசலுக்குக் கூட்டிப்போய் வெளிச்சத்தில் உட்கார வைத்து, இமையை விரலால் விரித்துப் பார்த்தாள். அவள் மூச்சு முகத்தில் பட்டது. நெடுநேரம் பார்த்தாள்.

“எத்தனை நாளாப்பா?”

“இந்த ஊர்ல வெளிச்சம் கம்மி.”

“ரெண்டு கண்ணுலயும் புரை முத்திக் கிடக்கு. எத்தனை நாளா?”

“எழுத்தே தெரியாதவனுக்குக் கண்ணு தெரிஞ்சா என்ன, தெரியாட்டா என்ன?”

அவள் பதறிப்போனாள். “படி இடம் மாறிட்டுன்னீய. பஸ் எல்லாம் ஒரே நிறம்னீய. சக்கரையைப் போட்டுட்டு டப்பாக்காரனைத் திட்டுனீய. அத்தனையும் என் கையால எழுதிருக்கேன்பா. வினைச்சொல் எங்க இருக்கு, என்ன காலம், அதை மட்டும்தான் பாத்தேன். என்ன சொல்லுதீயன்னு பாக்கவே இல்ல. நான் ஒரு நர்சா?”

“நீ நல்லாத்தான் எழுதுன. எனக்குத் தெரியும்.”

“ஏம்ப்பா சொல்லல?”

வாசலில் கீரைக்காரி போனாள். என்ன கீரை என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கண் ஆஸ்பத்திரிக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டேன். நான் வேலையில்லாமல் இருக்கிற வீட்டில் அவளும் வேலையில்லாமல் இருக்கிறாள். இதில் கண் எதற்கு, இரண்டு பேரும் சும்மா இருப்பதைத் தெளிவாகப் பார்க்கவா?

அவள் விடவில்லை. காலையில் ஆரம்பித்தாள், மதியம் ஆரம்பித்தாள். சாயங்காலம் நான் ஒரு வழிக்கு வந்தேன்.

“நீ பரீட்சைக்கு மறுபடி பேர் கொடு. நான் கண்ணைக் கொடுக்கேன்.”

“அந்த வேலைதான் போயிட்டே?”

“வேற தேசம் இல்லையா? இங்கிலீஷ் பேசுதவன் ஒரே ஊர்லயா இருக்கான்?”

“நான் போயிட்டா உங்களை யாரு பாக்கது?”

“கண்ணு தெரிஞ்சா என்னைய நானே பாத்துக்கிடுதேன். அதுக்குத்தான கண்ணு?”

நவம்பர் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தாள். போனில் அவள் பொத்தானை அமுக்குகிற சத்தம் வரை கேட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குச் சரி என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஜெபசிங் சார் வீட்டுக்கே வந்துவிட்டார். புது பேட்சுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை. செண்பகம் வகுப்பு எடுக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: ஃபெயிலானதைச் சொல்லக் கூடாது.

“சொல்லுவேன்” என்றாள்.

“பிள்ளைய ஓடிரும்மா.”

“ஓடட்டும். வேற ஆளைப் பாத்துக்கிடுங்க.”

ஆள் கிடைக்காததால்தான் வந்திருக்கிறார். ஒப்புக்கொண்டார். முதல் வகுப்புக்கு நானும் போனேன். மாஸ்டர் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார், ஓடுகிறவர்களைப் பிடிக்கத் தோதாக.

செண்பகம் சொன்னாள்: “கீழ முக்குல இருக்க ஃபிளெக்ஸ் தப்பு. நான் பாஸாகல. மூணு தடவை எழுதி மூணு தடவையும் எழுத்துல போச்சு.”

யாரும் ஓடவில்லை. பிறகு ஒரு பெண் எழுந்தாள். “அக்கா, எனக்கும் எழுத்துலதான் போச்சு. ரெண்டு தடவை. எங்க தப்பு வருதுன்னே தெரியல.” இன்னொருத்திக்கு நான்கு தடவையாம். இருட்டும் வரை ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அவளவள் விழுந்த இடத்தைச் சொல்ல, செண்பகம் தான் விழுந்த இடத்தைச் சொல்ல, மிளகாய் அரைத்தபோது எல்லோரும் சேர்ந்து தும்மினார்கள்.

மாஸ்டர் என் காதருகே வந்து, “அண்ணாச்சி, இது நல்லாருக்கே” என்றார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பழைய ஃபிளெக்ஸை எடுத்துவிட்டார்கள். அதே இடத்தில் புதிது: ‘மூன்று முறை தேர்வு எழுதிய அனுபவம் வாய்ந்த ஆசிரியை செண்பகம் அவர்களின் நேரடிப் பயிற்சி.’ மணிக்கூண்டு அப்படியே இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 20, புதன்

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. வலி இல்லை. கட்டுப் போட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரர் கேட்டார், மகள் என்ன செய்கிறாள் என்று. இங்கிலீஷ் படிக்கிறாள் என்றேன். அவளைப் பார்த்துவிட்டு, “இந்த வயசிலயா?” என்றார். முப்பத்தாறெல்லாம் ஒரு வயதா என்று சண்டைக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கட்டைப் பிரித்தார்கள். முதலில் வெறும் வெள்ளையாக இருந்தது. பிறகு அது சுவர் என்று தெரிந்தது. பிறகு செண்பகம்.

காதோரம் இரண்டு பக்கமும் நரைத்திருக்கிறது. முன் வகிட்டிலும்.

“ஏளா, இது எப்ப?”

“எதுப்பா?”

“தலையில.”

“அதுவா? ரெண்டு மூணு வருசமாச்சு. டை அடிக்க எங்க நேரம்?”

நான் கடைசியாகத் தெளிவாகப் பார்த்தவளுக்குத் தலை கறுகறுவென்று இருந்தது. அவளைத்தான் இத்தனை நாளாக அயர்லாந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அவளுக்குத்தான் இன்னும் காலம் கிடக்கிறது என்று எல்லாரிடமும் சண்டை போட்டேன்.

“நவம்பர் வரைக்கும் என்னத்துக்கு? முன்னால தேதி இருக்கான்னு கேளு.”

“சொட்டு மருந்து ஒரு மாசம் ஊத்தணும். அடுத்த கண்ணு வேற இருக்கு.”

“உலகம்மா ஊத்துவா.”

“உலகம்மா அத்தை ஊத்துனா, உங்க கண்ணுல என்னென்ன தெரியுதுன்னு மறுநாளே ஊருக்குத் தெரிஞ்சிரும்.”

இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணில் நீர் வரக் கூடாது என்று அதட்டிவிட்டுத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நரை வந்ததையும் எழுது என்றேன். மாட்டேன் என்றாள். எழுது என்றேன். எழுதினாள். எந்தக் காலம் என்று இன்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பேனாவை மூடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, “வேற என்னப்பா தெரியுது?” என்று கேட்டாள்.

நீ சரியாகத் தூங்கவில்லை என்பது தெரிகிறது என்றேன்.

அதையும் எழுதினாள்.